சாணம் கேட்காத நெருப்பு

அத்தியாயம் 7

என்னிடம் மூன்று குதிரைகள் இருக்கின்றன. அவற்றில் செனட்டர் என்கிற கிழட்டுக் குதிரை பதினொரு வருஷமாக எந்த வேலையும் செய்ததில்லை. தின்னும், சாணம் போடும், என்னை முறைக்கும். ஆனால் எங்கள் ஊரில் அதற்கு இருக்கிற மரியாதை எனக்குக் கிடையாது. கருப்புப் பானை சுடுகிற பெண்கள் அதன் சாணத்துக்காகத்தான் என் வாசலுக்கு வருவார்கள். நெருப்பு நன்றாகப் பிடித்த நேரத்தில் காய்ந்த சாணத்தூளைக் கொட்டி மூடினால், காற்றுக்கு வழியில்லாமல் புகை உள்ளேயே சுற்றி, செம்மண் பானை கன்னங்கரேலென்று வெளியே வரும். செனட்டரின் சாணத்தில் சுட்ட ஒரு பானையைப் பார்த்து ஒரு பாதிரியார் முகச்சவரம் செய்துகொண்டார். தாடை வெட்டுப்படவில்லை. இதை நான் சொன்னபோது ரெனால்டா நம்பவில்லை. அவள் துப்பறிகிறவள், எதையும் நம்பாமல் இருப்பதுதான் அவள் தொழில்.

ரெனால்டா என் அக்கா மகள். ஊர்ப் போலீஸில் பதினாறு வருஷம் இருந்தாள். மேலதிகாரியின் தம்பியையே பிடித்து உள்ளே வைத்ததால் வெளியே வந்தாள். இப்போது தனியாகத் துப்பறிகிறாள். நான் அவளுக்கு உதவியாள். வண்டி ஓட்டுவது அவள். உதவுவது என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் சாந்தா ஃபே நகரத்தில், பானை சேகரிக்கிற ஹாலோவே என்பவர் வீட்டுக் கூடத்தில் நின்றிருந்தோம். சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கக் கருப்புப் பானைகள். எல்லாம் எங்கள் ஊர்ப் பெண்கள் செய்தவை. பல பேர் செத்துப்போய் விட்டார்கள். நடுவில் ஒரே ஓர் இடம் மட்டும் காலி.

அந்தக் காலி இடம்தான் வழக்கு. கிழக்கே ஒரு கல்யாணத்துக்குப் போன ஹாலோவே ஞாயிற்றுக்கிழமை திரும்ப வேண்டியவர், வியாழக்கிழமை சாயங்காலமே வந்துவிட்டார். வந்து பார்த்தால் அவருடைய மிகச் சிறந்த ஜாடியைக் காணோம். செத்துப்போன கசிமிரா செய்தது, தண்ணிப் பாம்பு வரைந்தது. பூட்டு உடையவில்லை. சாவி வைத்திருந்தவன் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் எலீஹியோ ஒருவன்தான். போலீஸ் கேட்டதும் எலீஹியோ "நான்தான் எடுத்தேன்" என்றான். எங்கே என்றதற்கு வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நீதிபதி முன்னாலும் அதையேதான் சொல்லப் போகிறானாம். வாலிப வயதில் அடுத்தவன் காரை ஓட்டிப் பிடிபட்டவன் என்பதால் இந்தத் தடவை வருஷக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டிவரும்.

அவன் மனைவி லொரிண்டாவுக்கு எட்டு மாசம். வெள்ளிக்கிழமை வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்தாள். "எம் புருஷன் திருடன் இல்ல அக்கா. ஏன் இப்படிச் சொல்றார்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. புள்ள பொறக்கறப்ப அதோட அப்பன் கம்பிக்கு இந்தப் பக்கம் இருக்கணும்" என்றாள். காணாமல் போன ஜாடியைச் செய்த கசிமிரா அவளுடைய அம்மாவைப் பெற்றவள்.

"தொடாதீங்க!" என்றார் ஹாலோவே.

நான் எதையும் தொடவில்லை. என் கைகள் தொடப்போகிற மாதிரி இருந்தனவாம்.

"சின்னப் பானை ரெண்டும் ஏன் துண்டு மேல உட்கார்ந்திருக்கு?" என்று கேட்டாள் ரெனால்டா.

"அது அவன் வேலை. ஜாடிக்கு முன்னால இருந்த இந்த ரெண்டையும் நகர்த்தி, துண்டை மடிச்சுப் போட்டு அது மேல வெச்சிருக்கான். போலீஸ் வந்தப்பவும் இப்படியேதான் இருந்துச்சு."

"அவ்வளவு மரியாதையா திருடறவனை நான் பார்த்ததே இல்ல" என்றேன். "போறப்ப விளக்கையும் அணைச்சிருப்பானே?"

"ஆமா. அணைச்சிருந்தான்" என்றார் ஹாலோவே எரிச்சலோடு.

அலமாரிக் கதவின் உட்பக்கம் டைப் அடித்த தாள் ஒன்று ஒட்டியிருந்தது. பானைகளைப் பார்த்துக்கொள்ள எலீஹியோவுக்குப் போட்ட விதிகள். தண்ணீர் படக் கூடாது, ஈரத்துணியும் கூடாது. தொடும் முன் மோதிரத்தைக் கழற்ற வேண்டும். வாயைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அடியில் கை கொடுக்க வேண்டும். பூ வைக்கக் கூடாது. வெயில் கூடாது. பெல்ட் போட்ட வயிற்றோடு அணைக்கக் கூடாது. இப்படியே பத்து.

"இவ்வளவு பத்தியம் பிரசவத்துக்குக்கூடக் கிடையாதே" என்றேன்.

"ஒன்பதாவது என்ன?" என்றாள் ரெனால்டா. "பாம்பு ஜாடியைத் திருப்பி வைக்கக் கூடாதுன்னு இருக்கே."

"வெளிச்சம்" என்றார் ஹாலோவே. "ஒரு பக்கம்தான் அழகா விழும். அதோ போட்டோவைப் பாருங்க."

சுவரில் பெரிய படம் மாட்டியிருந்தது. கண்ணாடி போல மின்னுகிற கருப்பு, அதன் மேல் மங்கிய கருப்பில் வளைந்து வளைந்து போகிற பாம்பின் உடம்பு, வால்.

"ஒரு கீறல் இல்லாத ஜாடி அது. அறுபது வருஷம் ஆகியும் ஒரு கீறல் இல்ல. அடுத்த மாசம் ஒரு மியூசியம் வாங்கறதா இருந்தாங்க" என்றார். குரல் உண்மையாகவே உடைந்தது. எனக்கே பாவமாகிவிட்டது, ஒரு நிமிஷம்.

ரெனால்டா காலி இடத்தில் விரலை வைத்தாள். வட்டமாக ஒரு தடம் இருந்தது. விரல் லேசாக ஒட்டியது. முகர்ந்து பார்த்துவிட்டு என் மூக்குக்கு நீட்டினாள்.

"எலுமிச்சம்பழம்" என்றேன். "யாரோ ஊறுகாய் போட்டிருக்காங்க."

"ஐயா, ஜாடிக்கு நீங்க ஏதாவது பூசறதுண்டா?"

"பூசறதா? நான் கையுறை இல்லாம அது பக்கத்துல மூச்சுகூட விடறதில்ல!"

துடைப்பமும் வாளியும் வைக்கிற சின்ன அறையில் அது கிடைத்தது. மர மேஜைக்குப் போடுகிற மெழுகு டப்பா. எலுமிச்சை வாசனை. பாதி காலி. மூடி மேலே பெரிய எழுத்தில் 'எதையும் பளபளக்கச் செய்யும்' என்று இருந்தது.

ரெனால்டா திரும்பவும் அந்தத் தாளைப் படித்தாள். "மெழுகு போடக் கூடாதுன்னு இதுல ஒரு விதியும் இல்லையே."

"அதையெல்லாம் சொல்லணுமா? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே!"

"எலீஹியோ மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன். அவன் வீட்டுல யாரும் பானை செஞ்சதில்ல."

ஹாலோவே வாசல் வரை வந்து, நான் எதையும் தொடாமல் வெளியே போகிறேனா என்று பார்த்தார்.

ரெனால்டா வண்டியை ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஓட்டினாள். மூன்று நாளாகப் பெய்த மழையில் ஆறு காப்பி நிறத்தில் ஓடியது.

"ஈரத்துணி கூடாதுன்னு சொன்னாங்க, இவன் ஈரமில்லாத மெழுகைப் போட்டிருக்கான். நல்லது செய்யறதா நெனச்சு. போட்டா என்ன ஆகும் மாமா?"

"ஒரு வாரம் கல்யாணப் பொண்ணு மாதிரி மின்னும். அப்புறம் தூசி ஒட்டும். சாம்பல் பூத்துப் போகும். துடைக்கத் துடைக்க இன்னும் கேவலமாகும்."

"மருந்து?"

"நெருப்புதான். மறுபடி திறந்த நெருப்புல சுட்டா மெழுகு எரிஞ்சு போயிடும். கருப்பும் சேர்ந்து போயிடும். அப்புறம் சாணம் கொட்டி மூடினா கருப்பு திரும்ப வந்துடும். ஆனா பழைய பானையை மறுபடி நெருப்புல போட யாருக்கு மனசு வரும்? ஊர்ல அந்த நெஞ்சழுத்தம் அன்செல்மா ஒருத்திக்குத்தான் உண்டு."

"லொரிண்டாவோட அம்மா."

"அவதான். ஆனா அவ சுடல. இந்த மழையில ஊர்ல இருக்கற சாணமெல்லாம் கஞ்சியா ஓடுது. காய்ஞ்சது என் கொட்டகையில மட்டும்தான் இருக்கு. அவ என்கிட்ட ஒரு மூட்டைகூடக் கேக்கல. வியாழக்கிழமை காலைல அவ வீட்டுக்குப் பின்னால புகை பார்த்தேன், அதுகூடக் குப்பைப் புகைதான். மெல்லிசா, நீலமா, திருடன் மாதிரி சத்தமில்லாம போச்சு. சாணம் கொட்டின புகை அப்படியா இருக்கும்? வானத்துக்கே கம்பளி போர்த்தின மாதிரி எழும்பும். ஒரு தடவை நான் போட்ட புகையில ரெண்டு வாத்து வழி தவறி..."

வண்டி நின்றது. என் நெற்றி கண்ணாடியைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

"மாமா. அன்செல்மா சித்தி இத்தனை வருஷத்துல எப்பவாவது குப்பையை எரிச்சு நீங்க பார்த்திருக்கீங்களா?"

யோசித்தேன். "இல்ல. அவ எதையும் தூக்கிப் போட மாட்டா. என்னைத் தவிர."

"அப்ப வியாழக்கிழமை அவங்க எரிச்சது குப்பை இல்ல. திறந்த நெருப்பு போட்டிருக்காங்க. சாணம் கொட்டல. சாணம் கொட்டாம சுட்டு எடுத்தா ஜாடி என்ன நிறத்துல இருக்கும்?"

"சிவப்பு" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

"போலீஸு, நீங்க, நான், எல்லாரும் ரெண்டு நாளா கருப்பு ஜாடியைத் தேடறோம்" என்றாள் ரெனால்டா. அவள் முகத்தில் சந்தோஷமே இல்லை. லொரிண்டா கேட்ட கேள்விக்குப் பதில் லொரிண்டாவின் அம்மா வீட்டிலேயே இருந்தது.

அன்செல்மா கதவைத் திறந்தாள். இரண்டு நாளில் அவளுக்கு ஐந்து வயது கூடியிருந்தது.

"வா ரெனால்டா. இந்தக் கிழட்டு ரேடியோவையும் கூட்டிட்டு வந்தியா?"

"பாட்டரி தீர்ந்து போச்சு, சார்ஜ் பண்ண வந்தேன்" என்றேன்.

எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் சாப்பிட வேண்டும், பிறகுதான் பேச்சு. அன்செல்மா சிவப்பு மிளகாய்க் குழம்பைச் சூடாக ஊற்றினாள். கூடவே கடையில் வாங்கிய பாக்கெட் ரொட்டியை வைத்தாள். நான் அந்த ரொட்டியைப் பார்த்தேன். ரெனால்டாவும் பார்த்தாள். அன்செல்மா வீட்டில் கடை ரொட்டி என்பது மாதா கோயிலில் சீட்டாட்டம் மாதிரி.

"ஓவன் ரிப்பேரு" என்றாள் அன்செல்மா, யாரும் கேட்காமலே.

"எனக்கு ஓவன் ரிப்பேர் தெரியும்" என்று எழுந்தேன். எனக்குத் தெரியாது. ஒரு தடவை நான் பழுதுபார்த்த ஓவன் அதற்குப் பிறகு ஐஸ் கட்டி தயாரித்தது. "ஏய், தொடாதே!" என்று அன்செல்மா கத்துவதற்குள் கதவைத் திறந்துவிட்டேன்.

உள்ளே இளஞ்சூட்டில், நடுத்தட்டில், ஒரு பெரிய ஜாடி உட்கார்ந்திருந்தது. செங்கல் நிறம். பளபளப்பான சிவப்பின் மேல் மங்கிய சிவப்பில் ஒரு பாம்பின் வால் வளைந்து பின்பக்கமாகப் போனது.

குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

"அந்தக் கழுதை செவ்வாக்கிழமை அதைத் தன் சட்டையில சுத்தி எடுத்துட்டு வந்தான்" என்றாள் அன்செல்மா கடைசியில். "வெறும் பனியனோட நிக்கறான். 'அத்தை, இதுக்கு ஏதோ வியாதி வந்திருச்சு. ஐயா பார்த்தா வேலை போயிடும்'ங்கறான். பார்த்தேன். எங்கம்மா நாலு நாள் உட்கார்ந்து கல்லால தேய்ச்ச மெருகு, பழைய செருப்பு மாதிரி இருக்கு. அறையணும்னு கை வந்துச்சு. ஆனா அவன் அழறான். என்ன பண்ணச் சொல்றே?"

"எரிச்சீங்க."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள கருப்பாக்கி எடுத்த எடத்துலயே வெச்சிடலாம்னுதான். புதன்கிழமை பூரா ஓவன்ல காய வெச்சேன். வியாழக்கிழமை திறந்த நெருப்புல மெழுகு போச்சு. சாணத்தை அள்ளக் குனியறேன், வானம் பொத்துக்கிட்டு ஊத்துது. சாணம், நெருப்பு, ஜாடி, எல்லாம் தொப்பல். அன்னிக்குச் சாயங்காலமே அவரு வந்துட்டாரு."

"போலீஸ்ல சொல்லியிருக்கலாமே சித்தி."

"சொல்லத்தான் போனேன்! ஜெயில்ல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துட்டு, 'அத்தை, அது கருப்பாகற வரைக்கும் நீங்க வாயைத் தொறக்கக் கூடாது. இப்பச் சொன்னா அவரோட ஜாடியை நீங்க நாசம் பண்ணினதா ஆகி உங்களையும் உள்ள வெப்பாங்க. லொரிண்டாவைப் பிரசவத்துக்கு யாரு பாப்பா?'ங்கறான். ஏழு வருஷத்துல அவன் என்கிட்ட பேசினதுலயே அதுதான் நீளமான பேச்சு."

"சாணத்துக்கு என்கிட்ட வந்திருக்கலாம்" என்றேன்.

"உன்கிட்டயா? நீ இவ வண்டியில சுத்திட்டு இருக்கே. சொன்னா சாயங்காலத்துக்குள்ள அடுத்த மாநிலம் வரைக்கும் ஒலிபரப்பாயிடும்."

அதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

"இன்னொரு நெருப்பு தாங்குமா?" என்று கேட்டாள் ரெனால்டா.

"தெரியாது. அறுபது வருஷத்துப் பானை, மழையில வேற நனைஞ்சிருக்கு. உள்ள எங்கயாவது ஈரம் ஒளிஞ்சிருந்தா வெடிச்சிடும். வெடிச்சா அவனுக்குக் காட்ட ஒண்ணும் இருக்காது. ஜாடியும் இல்ல, சாட்சியும் இல்ல, வெறும் திருடன்." அவள் ஓவன் கதவை மெதுவாக மூடினாள். "கருப்பாகலைன்னாலும் அதே கதைதான். சிவப்பு ஜாடியைக் கொண்டு போய் இது உங்களோடதுன்னா யாரு நம்புவா?"

ரெனால்டா ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தாள். "நாளைக்கு விடியற்காலையில காத்து இருக்காது. மாமா, நாலு மூட்டை."

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. நாலு மூட்டையையும் என் முதுகில்தான் சுமந்து வந்து இறக்கினேன். செனட்டர் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தது. அன்செல்மா இரும்புத் தட்டியைக் கல் மேல் வைத்து, அடியில் தேவதாரு விறகை அடுக்கினாள். ஜாடியில் தீ நேராகப் படாமல் இருக்கச் சுற்றிலும் பழைய கார் நம்பர் தகடுகளைச் சாய்த்து வைத்தாள். பிறகு ஜாடியைப் போர்வையில் சுற்றி எடுத்து வந்தாள், நெஞ்சோடு அணைத்து, ஒரு பக்கத்தை மட்டும் தன் பக்கமே வைத்துக்கொண்டு. தட்டியில் கவிழ்த்து வைத்தபோதும் அந்தப் பக்கத்தைத் தன் உடம்பால் மறைத்தாள்.

"சித்தி, ஓவன்லயும் அந்தப் பக்கம் உள்ள பார்த்துத்தான் இருந்துச்சு. அங்க என்ன?"

"ஒண்ணுமில்ல."

"சித்தி."

அன்செல்மா ஜாடியைத் திருப்பினாள்.

பாம்பின் தலை இருந்த இடம். கண் இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை. சுற்றியிருந்த சிவப்புக்கு நடுவில் பார்வை போன கண் மாதிரி இருந்தது.

"தலையை வரைஞ்சது எங்கப்பா" என்றாள். "எங்கம்மா மெருகேத்தினா, அவரு வரைவாரு. என் நெருப்புல அது வெந்து போச்சு. நான்தான் கொன்னுட்டேன். யார்கிட்டயும் சொல்லல. சாணத்தைக் கொட்டினா கருப்புல மறைஞ்சு போகும்னுதான்..." தீக்குச்சியைக் கிழித்தாள்.

ரெனால்டா குனிந்து அந்தத் தீக்குச்சியை ஊதி அணைத்தாள்.

"சித்தி, உங்க மண்ணு திறந்த நெருப்புல எந்த நிறமாகும்?"

"சிவப்பு. இது என்ன கேள்வி?"

"எவ்வளவு சூடு அதிகமானாலும்?"

"சிவப்புதான். இன்னும் சிவப்பு." அன்செல்மாவின் குரல் பாதியில் நின்றது.

"அப்ப இது ஏன் வெள்ளையா இருக்கு?" ரெனால்டா நகத்தால் கீறினாள். மாவு மாதிரி உதிர்ந்தது.

நான் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தேன். "பல் டாக்டர் என் வாயில அச்செடுக்க அடைச்சாரே, அந்த மாவு. அதே ருசி. அன்னிக்கு அவரு எனக்கு எடுத்த அச்சுல குதிரைப் பல்லு வந்துச்சு, அது வேற கதை."

"மாவுக்கட்டு" என்றாள் ரெனால்டா. "எப்பவோ உடைஞ்சு ஓட்டை விழுந்திருக்கு. மாவுல அடைச்சு, கருப்புப் பெயின்ட் அடிச்சு, மேல கண்ணையும் வரைஞ்சுட்டாங்க. உங்க நெருப்பு பெயின்டை மட்டும்தான் தின்னுச்சு. நீங்க எதையும் கொல்லல சித்தி."

அன்செல்மா விறகுக் குவியல் மேல் உட்கார்ந்தாள். மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சு ஒன்று வெளியே வந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, நெருப்பு போடுவோம். நேரமாகுது" என்றாள்.

"வேண்டாம். கருப்பாக்கினா இது மறைஞ்சு போகும். எலீஹியோவைக் காப்பாத்தப் போறது இந்த வெள்ளைதான். ஜாடி சிவப்பாவே வரட்டும்."

நான் நாலு மூட்டையையும் பார்த்தேன். மூட்டைகள் என்னைப் பார்த்தன.

"ஆனா ஒண்ணு" என்றாள் ரெனால்டா. "இது ஹாலோவேக்குத் தெரியாதுன்னா அவரும் ஏமாந்தவர்தான், எலீஹியோ திருடன்தான். தெரியும்னா, ஒட்டுப்போட்டதைக் கீறல் இல்லாததுன்னு மியூசியத்துக்கு விக்கப் பார்த்திருக்கார், அப்பத்தான் நமக்கு வழி. கேட்டா அவர் வாய் சொல்லாது. கொஞ்சம் சிவப்பு மண்ணைக் குழைச்சு இந்த வெள்ளை மேல பூசுங்க. பார்த்தா எதுவுமே தெரியக் கூடாது."

ஹாலோவே கோட் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பும் நேரத்தில் மூன்று பேரும் போய்ச் சேர்ந்தோம். கூடத்து மேஜையில் ஜாடியை வைத்தோம். பூசிய மண் காய்ந்து, பாம்பு முழுசாக இருந்தது. தலை எங்கள் பக்கம்.

"இது என்ன?"

"நீங்கதான் சொல்லணும்" என்றாள் ரெனால்டா. "உங்க ஜாடியான்னு பாருங்க."

"விளையாடறீங்களா? என்னோடது கருப்பு. இது சிவப்பு. குழந்தைகூடச் சொல்லும்."

அன்செல்மா என் கையைப் பிடித்தாள். என் கை என்று அவள் கவனிக்கவில்லை போலிருந்தது.

"அப்ப தப்பா வந்துட்டோம்" என்றாள் ரெனால்டா. "அளவு ஒத்துப் போகுதான்னு மட்டும் பார்த்துடறோம். அந்தக் காலி இடத்துல ஒரு நிமிஷம் வைக்கறீங்களா? நாங்க தொட்டா உங்களுக்குப் பிடிக்காது."

அவர் கையுறையை மாட்டினார். மோதிரத்தை முன்பே கழற்றியிருந்தார், பழக்கம். அடியில் கை கொடுத்துத் தூக்கினார். அலமாரியில், அந்த வட்டத்துக்குள் சரியாக வைத்தார். வைத்துவிட்டு, எதையோ யோசித்தபடி, இரண்டு கையாலும் மெதுவாகத் திருப்பினார். பாம்பின் தலை சுவர்ப் பக்கம் போயிற்று. வால் எங்களைப் பார்த்தது. போட்டோவில் இருந்தபடியே.

கையை அப்போதும் ஜாடியிலிருந்து எடுக்காமல் இருந்த ஹாலோவே, தானாகவே நிலைகுத்தி நின்றார்.

"ஐயா, ஒரு பாம்பு ஜாடியை யாருகிட்ட குடுத்தாலும் தலையை முன்னால வைப்பாங்க" என்றாள் ரெனால்டா. "தலையைச் சுவத்துக்குத் திருப்பி வைக்கற ஆளு உலகத்துல ஒருத்தர்தான் இருக்கணும். இது உங்களோடது இல்லன்னா, எந்தப் பக்கத்தை மறைக்கணும்னு உங்க கைக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஜாடியை முன்பக்கம் திருப்பினாள். பையிலிருந்து ஈரத்துணியை எடுத்துப் பாம்பின் கண்ணில் ஒரு இழுப்பு இழுத்தாள். முதல் விதி மீறப்பட்டது. ஹாலோவே தடுக்கவில்லை. வெள்ளை வெளியே வந்தது.

"நான் வாங்கறப்பவே அப்படித்தான் இருந்துச்சு" என்றார் அவர், தரையைப் பார்த்து. "ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சேன். என்னையும்தான் ஏமாத்தினாங்க."

"நீங்க மியூசியத்துக்குக் கீறல் இல்லாததுன்னு சொன்னீங்க. அது உங்களுக்கும் அவங்களுக்கும் உள்ள பேச்சு, நான் நுழையல. நாளைக்கு ஒன்பது மணிக்குக் கோர்ட்ல இதை மேஜையில வெச்சு என்ன நடந்துச்சுன்னு இவங்க சொல்வாங்க. பேப்பர்காரங்களும் இருப்பாங்க. எலீஹியோ உங்க ஜாடியை வைத்தியத்துக்கு எடுத்துட்டுப் போனான். கேக்காம எடுத்தது தப்பு. ஆனா திருட்டா இல்லையான்னு சொல்ல வேண்டியவர் நீங்கதான்."

ஹாலோவே கையுறையைக் கழற்றினார். பிறகு அன்செல்மாவிடம், "திரும்பக் கருப்பாக்க முடியுமா?" என்றார். அதைத் தவிர வேறெதுவும் அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

"முடியலாம். உடையவும் செய்யலாம்" என்றாள் அன்செல்மா. "மொதல்ல போன் பண்ணுங்க."

ஞாயிற்றுக்கிழமை என்பதால் அரசு வக்கீல் ஆபீஸில் யாரும் இல்லை. டேப் மெஷின்தான் எடுத்தது. கீச்சென்று ஒரு சத்தம் வந்ததும் ஹாலோவே தொண்டையைக் கனைத்தார். பெயரைச் சொன்னார், முகவரியைச் சொன்னார், புகார் எண்ணைச் சொன்னார். ஜாடி திருடு போகவில்லை, கெட்டுப்போனதைச் சரிசெய்ய எடுத்துச் சென்றிருந்தார்கள், புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றார். ஒவ்வொரு வார்த்தையும் பல் பிடுங்குகிற மாதிரி வந்தது. பிறகு, "சம்பந்தப்பட்ட ஆள் எலீஹியோ..." என்று நிறுத்தினார்.

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. மெஷின் சுற்றிக்கொண்டே இருந்தது.

"அவனோட முழுப்பேர் என்ன?"

ஆறு வருஷமாக அந்த வீட்டின் சாவியை வைத்திருந்தவன்.

அன்செல்மா என் கையை விட்டுவிட்டு முன்னால் போனாள். ஹாலோவேயின் கையிலிருந்து ரிசீவரை வாங்கிக்கொண்டாள்.

"எலீஹியோ ப்ருடென்சியோ சாலஸ்" என்றாள் நிதானமாக, டேப்புக்குள் இருக்கிறவருக்கும் கேட்கிற குரலில். "எழுதிக்குங்க. எம் மருமகன்."

கழுதை என்பதைத் தவிர வேறெந்தப் பெயராலும் அவள் அவனைக் குறிப்பிட்டு நான் அதுவரை கேட்டதில்லை.